47 வயதில் மீண்டும் கராத்தே: முழங்கால் நோகத் தொடங்கினால் விடுவதா, தொடர்வதா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிக்கொண்டு தொடங்குகிறேன். இலங்கையின் கிழக்குக் கரையில் கல்முனைப் பக்கம், வயது 47, பகல் முழுக்கக் கதிரையில் இருந்து செய்யும் அலுவலக வேலை. இருபத்தைந்து வயதில் மண்ணிறப் பட்டியோடு நின்றுபோன கராத்தேயை மகனோடு சேர்ந்து திரும்பத் தொடங்கி நாலு மாதம். கிழமைக்கு மூன்று வகுப்பு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம், பள்ளிக்கூட மண்டபத்தின் சிமெந்துத் தரையில். இப்போது வலது முழங்கால் சிரட்டைக்குக் கீழே நோ. விடிய எழும்பி முதல் பத்து அடி வைக்கும்போது குதிக்காலுக்கு மேலே இறுக்கம். சீனி வருத்தத்துக்கு மெட்போமின் குடிக்கிறீர்கள். “வயசு போயிட்டுதா, விட்டிடவா? சிலம்பத்துக்கு மாறினா நல்லமா? டிசம்பர்ல கறுப்புப் பட்டிப் பரீட்சைக்கு நிக்கலாமா?” என்று மூன்று கேள்வி. மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: அறுபது வயதிலும் பழகிக்கொண்டிருக்க வேண்டுமென்றால் இப்போது எதை மாற்ற வேண்டும்? அதற்கே விரிவாகப் பதில் சொல்கிறேன், மற்ற மூன்றும் அதற்குள் வந்துவிடும்.

முதலில் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். தொட்டுப் பார்க்காமல் நோயை நிர்ணயிக்க முடியாது. நீங்கள் சொல்லும் இரண்டு நோவும், விடிய இறுக்கமாக இருந்து, உடம்பு சூடேறக் குறைந்து, அடுத்த நாள் கூடுகிறது என்றால், பெரும்பாலும் தசையை எலும்போடு கட்டும் தசைநாண் சுமை தாங்காமல் முறையிடுவதுதான். அப்படியானால் கீழே எழுதுவது பொருந்தும். முழங்கால் பூட்டிக்கொண்டு மடங்கவோ நீளவோ மறுக்கிறது, திரும்பும்போது நழுவி விழப் பார்க்கிறது, ஒரு நாளுக்குள் பந்துபோல வீங்குகிறது, படுத்திருந்தாலும் இரவில் நோகிறது என்றால் பொருந்தாது. இயன் மருத்துவரிடமோ எலும்பியல் வைத்தியரிடமோ காட்டிவிட்டுத்தான் மற்றது. அண்மையில் காய்ச்சல் வந்து, அதன் பிறகு கை கால் மூட்டெல்லாம் சேர்ந்து நோகிறதென்றால் அது கராத்தே செய்த வேலையே இல்லாமல் இருக்கலாம். சிக்குன்குனியா விட்டுப்போகும் மூட்டு நோ மாதக்கணக்கில் நிற்கும், நுளம்பு கூடிய நம்முடைய கரையோரத்தில் அதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஏன் இது நாலாவது மாதத்தில் வந்தது? இளவயதில் பழகி விட்டுத் திரும்பி வருபவருக்கு, புதிதாகத் தொடங்கும் 47 வயதுக்காரருக்கு இல்லாத ஒரு ஆபத்து உண்டு. அடியும் உதையும் உடம்புக்கு நினைவிருக்கிறது. காட்டா, அதாவது எதிராளி இல்லாமல் வரிசையாகச் செய்யும் அசைவுத் தொகுப்பு, ஒரு மாதத்தில் திரும்பி வந்துவிடுகிறது. ஆறு, எட்டுக் கிழமையில் மூச்சும் தசையும் ஓரளவு தேறிவிடுகின்றன. தசைநாண் அந்த வேகத்தில் வராது. அதற்கு இரத்த ஓட்டம் குறைவு, தன்னைத் தடிப்பாக்கிக்கொள்ள மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வேண்டும், சில வேளை இன்னும் கூட. ஆகவே இரண்டாம், மூன்றாம் மாதத்தில் பழைய வேகம் திரும்பிய சந்தோசத்தில் உதைக்கும் உதைகளை, ஓராண்டு கழித்துத் தாங்கக்கூடிய ஒரு நாண் இன்றே தாங்க வேண்டியிருக்கிறது. வயது இதில் பங்குதாரர்தான், முதலாளி அல்ல. பூச்சியத்திலிருந்து கிழமைக்கு 270 நிமிடத்துக்கு ஒரேயடியாகப் பாய்ந்தால் முப்பது வயதுக்காரருக்கும் இதுதான் நடக்கும். சீனி வருத்தமும் தன் பங்கைச் சேர்க்கிறது. இரத்தத்தில் சீனி நீண்ட காலம் உயர்ந்திருப்பவர்களுக்குத் தசைநாண் விறைப்பும் ஆறத் தாமதமும் கூடுதல் என்பது நன்றாக நிறுவப்பட்ட விசயம்.

எனவே விடத் தேவையில்லை. முழு ஓய்வும் சரியில்லை. ஓய்வெடுத்த நாண் நோவை மறக்கும், பலத்தையும் சேர்த்து மறக்கும். மூன்று கிழமை கழித்து வகுப்புக்குப் போனால் அதே இடத்தில் அதே நோ. சுமையைக் குறைத்து நிறுத்தாமல் வைத்திருப்பதே வழி. அடுத்த ஆறு கிழமைக்கு மூன்று வகுப்பை இரண்டாக்குங்கள், இடையில் இரண்டு நாளாவது இருக்கட்டும். வகுப்பில் முதல் ஒரு மணித்தியாலம் முழுதாகச் செய்து மிச்சத்தைக் காட்டாவை மெதுவாக நடந்து முடியுங்கள். குதிப்பு, கயிறடித்தல், குதித்து உதைத்தல் மூன்றும் பூச்சியம். ஒரு காலால் நூறு உதை உதைக்கிற பழக்கம் இருந்தால் நாற்பதாக்குங்கள். நோவை 0 முதல் 10 வரை அளந்து பழகுங்கள். பயிற்சியின்போது 3 வரை வரலாம், பயமில்லை. ஆனால் தீர்ப்புச் சொல்வது அடுத்த நாள் காலை. படியில் ஒரு காலால் மெதுவாக இறங்கிப் பாருங்கள், ஒரு காலில் நின்று பத்து முறை குதியை உயர்த்திப் பாருங்கள். வழமையான அளவுக்குள் இருந்தால் நேற்றைய அளவு சரி. கூடியிருந்தால் அடுத்த வகுப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். கிழமைக்குப் பத்து வீதம் மட்டும் கூட்டு என்றொரு விதி எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. அந்தப் பத்துக்கு உறுதியான ஆதாரம் கிடையாது, திடீரென்று ஏற்றாதே என்பதற்கான ஞாபகக் குறிப்பாக எடுத்துக்கொண்டால் போதும்.

நீங்கள் விட்ட மூன்றாவது வகுப்பின் இடத்தில் வருவது பலப் பயிற்சி. இதைத்தான் நடுவயதுக் கராத்தேக்காரர் பெரும்பாலும் செய்வதில்லை, வகுப்பே போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். போதாது. வகுப்பு வேகத்தையும் நுட்பத்தையும் தருகிறது, நாணைத் தடிப்பாக்குவது மெதுவான, பாரமான வேலை. முப்பதைத் தாண்டினால் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், பலம் அதைவிட வேகமாக, சட்டென்று வெளிப்படும் விசை எல்லாவற்றையும் விட வேகமாகக் குறையும் என்பதில் ஐயமில்லை. எந்த வயதிலும் பாரத்தோடு பழகினால் அது திரும்பும் என்பதிலும் ஐயமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், அதற்குப் புறம்பாக இரண்டு நாளாவது தசைப் பலப் பயிற்சியும் என்று சொல்வது இதனால்தான்.

வீட்டு வாசற்படி, பிள்ளையின் பள்ளிக்கூடப் பை, ஐந்து கிலோ அரிசி, ஒரு பழைய சைக்கிள் டியூப் இருந்தால் போதும். முதலாவது கெண்டைக்கால். படியின் ஓரத்தில் முன்பாதத்தை வைத்து, மூன்று செக்கன் உயர்ந்து, மூன்று செக்கன் இறங்குங்கள். முதல் இரண்டு கிழமை இரண்டு காலிலும், குதியைப் படிமட்டத்துக்குக் கீழே விடாமல், சுற்றுக்கு 15 முறையாக மூன்று சுற்று. பிறகு ஒரு காலில். ஒரு காலில் 12 இலகுவானதும் அரிசியைப் பையில் போட்டு முதுகில் மாட்டுங்கள். இதையே முழங்காலைச் சற்று மடித்தும் செய்ய வேண்டும், கெண்டையின் உட்பகுதித் தசை அப்போதுதான் வேலை செய்யும். இந்த இரண்டாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அடுத்தது முழங்கால். நோ கூடிய கிழமைகளில் சுவரில் முதுகைச் சாய்த்து, தொடை தரைக்குச் சமாந்தரமாவதற்குச் சற்று மேலேயே நிறுத்தி, 30 முதல் 45 செக்கன் இருந்து ஐந்து முறை. நோ அடங்கியதும் ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே வைத்து மெதுவாக இறங்கி ஏறுவது, காலுக்கு 8 முறையாக மூன்று சுற்று. மூன்றாவது பின்தொடையும் இடுப்பும். மல்லாந்து படுத்து ஒரு காலை ஊன்றி இடுப்பை உயர்த்துவது, ஒரு காலில் நின்று முதுகு வளையாமல் குனிந்து நிமிர்வது. நாலாவது கவட்டுத் தசைக்கு. ஒருக்களித்துப் படுத்து மேற்காலின் முழங்காலைக் கதிரையில் வைத்து உடம்பை உயர்த்தி 10 செக்கன், பக்கத்துக்கு ஐந்து. பக்கவாட்டு உதை உதைப்பவருக்கு இது கட்டாயம். கடைசியாகத் தோள். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து டியூப்பை வெளிப்பக்கம் இழுப்பது, சுற்றுக்கு 15 முறையாக இரண்டு சுற்று. எல்லாம் சேர்த்து 35 நிமிடம். கிழமைக்கு இரண்டு முறை, ஒன்று வகுப்பு முடிந்த அன்றே செய்யலாம். இப்படி இன்னுமொரு நாள் முழு ஓய்வாக மிஞ்சும்.

இனி வகுப்புக்குள். முழங்கால் முன்பக்கத்தைக் கெடுப்பதில் முதலிடம் முன் முழங்காலை மடித்து, பின்காலை நீட்டி ஆழமாக இறங்கி நிற்கும் ஸென்குட்சு டாச்சி நிலைக்கு. அந்த நிலை தானாகக் கெட்டது அல்ல. முன் முழங்கால் பெருவிரல் பக்கம் உள்ளே சாய்வதுதான் கெடுக்கிறது, களைத்த பிறகு எல்லாருக்கும் சாயும். முழங்கால் இரண்டாம் விரலின் திசையில் நிற்கிறதா என்று பாருங்கள், நிற்காவிட்டால் நிலையை ஒரு சாண் சுருக்கி உயரமாக நில்லுங்கள். உயரமாக நிற்பது மரியாதைக் குறைவு என்று தயங்கத் தேவையில்லை. ஷோட்டோகான் என்ற கராத்தேப் பிரிவின் மூலவர் புனாகோஷி கிச்சின் (1868–1957) ஒக்கினாவாவிலிருந்து கொண்டுவந்த நிலைகள் இன்று காண்பதைவிட உயரமானவை, அவருடைய மகனின் காலத்தில்தான் ஆழமாயின என்று கராத்தே வரலாற்றாளர்கள் பரவலாகச் சொல்கிறார்கள். வாத்து நடை, தவளைப் பாய்ச்சல், ஒருவர் தோளில் ஏறியிருக்க மற்றவர் குந்தி எழும்புவது, இவை மூன்றையும் 47 வயது முழங்காலுக்குச் செய்விக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. அவற்றால் வரும் பலம் மேலே சொன்ன படிப் பயிற்சியில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது.

மவாஷி கெரி எனும் சுழல் உதையில் கவனம் உதைக்கும் காலில் இருக்கும், காயம் ஊன்றிய காலில் வரும். ஊன்றிய பாதம் திரும்பி, குதி இலக்கைப் பார்க்க வேண்டும். வியர்வையில் நனைந்த வெறுங்கால் சிமெந்தில் ஒட்டிக்கொண்டு, இடுப்பு மட்டும் திரும்பினால், இடையில் அகப்படுவது முழங்காலின் உள்ளே இருக்கும் மெனிஸ்கஸ் குருத்தெலும்பு. நடுவயதில் அது காய்ந்து இலகுவாகக் கிழியும். ஆகவே முதலில் பாதத்தைத் திருப்பிவிட்டுப் பிறகு உதையுங்கள், வேகம் குறைந்தாலும் பரவாயில்லை. உயரம் பற்றியும் ஒரு சொல். தலைக்கு உதைக்க முடியாதது எப்போதும் இறுக்கத்தால் அல்ல. இடுப்புப் பந்துக்கிண்ண மூட்டின் எலும்பு அமைப்பு ஆளுக்கு ஆள் வேறு, சிலருக்கு எலும்பே எலும்பில் முட்டி நிற்கும். காலை உயர்த்தும்போது தொடையின் பின்பக்கம் இழுத்தால் அது தசை, பழகப் பழக நீளும். கவட்டில் முன்பக்கமாகக் கூர்மையாகக் குத்தினால் அது மூட்டு, அந்த இடத்தில் தள்ளுவதை நிறுத்திவிட்டு வயிற்று உயரத்தில் உதையுங்கள். சோடியாக நின்று ஒருவர் காலை மற்றவர் தூக்கி அமத்துவது இனி வேண்டாம். வெறும் காற்றில் குத்தும்போது முழங்கையைக் கடைசிவரை நீட்டி அடிக்காமல், ஒரு துளி மடிப்பு வைத்து நிறுத்துங்கள். முழங்கையின் பின்பக்க நோவுக்கு அதுதான் வழமையான காரணம்.

சூடேற்றலுக்குப் பத்து நிமிடம் போதாது, பதினைந்து வையுங்கள். இளையவர்கள் வரிசையில் நிற்குமுன் நீங்கள் மண்டபத்துக்கு வந்துவிட வேண்டும் என்று இதற்குப் பொருள். வேகமாக நடை, மூட்டுகளைச் சுழற்றல், காலை ஊஞ்சல்போல் முன்னும் பின்னும் வீசுதல், பிறகு அன்றைய நுட்பத்தையே அரை வேகத்தில், முக்கால் வேகத்தில், அதன் பின்தான் முழு வேகத்தில். ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் இழுத்துப் பிடிக்கும் நீட்டல் பயிற்சிக்கு முன் விசையைக் கொஞ்சம் குறைக்கும், அதை முடிவுக்கு வையுங்கள். நீட்டினால் காயம் வராது என்று பலரும் நம்புவதற்கு ஆதாரம் பலவீனம். பாரத்தோடு பழகினால் காயம் குறையும் என்பதற்கு ஆதாரம் பலம்.

தரைக்கு வருவோம். சிமெந்தில் குதித்து இறங்குவது நல்லதல்ல, மண்டபத்தை மாற்ற முடியாதென்றால் இரண்டு சென்ரிமீற்றர்த் தடிப்புள்ள இணைப்புப் பாய்கள் உதவும். கடற்கரைக்குப் போய்ப் பழகலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள், கல்லடியிலும் பாசிக்குடாவிலும் காணும் காட்சி அது. காய்ந்த மணல் அதிர்வைக் குறைக்கிறது, ஆனால் குதி புதைவதால் குதிநாண் ஒவ்வொரு அடியிலும் கூடுதலாக இழுபடுகிறது. உங்கள் காலைநேர இறுக்கத்துக்கு இப்போது அது மருந்தல்ல. மணலில் பாதம் திரும்பாது, ஆகவே சுழன்று உதைக்கும் உதைகளை அங்கே வைக்கவே கூடாது. அலை நனைத்த கெட்டி மணலில், சரிவில்லாத இடத்தில், நேர்கோட்டில் அடியெடுத்து வைக்கும் காட்டாக்கள் சரி, அதுவும் குதி அடங்கிய பிறகு, 15 நிமிடத்தில் தொடங்கி.

வெப்பத்தைச் சிறிதாக நினைக்க வேண்டாம். மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் எனும் வறண்ட காற்று வீசும் நாட்களில் பிற்பகல் நாலு மணிக்குத் தகரக் கூரைக்குக் கீழே தடித்த பருத்தி உடுப்போடு நிற்பது இதயத்துக்கு இரட்டை வேலை. காற்று நிற்கும் நாட்களில் ஈரப்பதன் கூடி வியர்வை காயாமல் வழிகிறது, வழியும் வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. காலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில் அல்லது மாலை ஐந்தரைக்குப் பின் பழகுங்கள். வகுப்புக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள்: ஒரு கிலோ குறைந்தால் ஒரு லீற்றர் நீர் போயிருக்கிறது. தண்ணீர் போதும், ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் வழிய வழியப் பழகினால் வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூளான ஜீவனி ஒரு பக்கற்றை ஒரு லீற்றரில் கரைத்து அதில் பாதி. இரத்த அழுத்தம் உள்ளவர் ஜீவனியையும், சிறுநீரக வருத்தம் உள்ளவர் இளநீரையும் வைத்தியரைக் கேட்டே குடிக்க வேண்டும். நோன்பு மாதத்தில் பழகுபவர்கள் பலப் பயிற்சியை நோன்பு திறந்து ஒன்றரை மணித்தியாலம் கழித்து வைத்துக்கொண்டு, பகலில் மெதுவான காட்டாவோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்த ஒரு மாதம் கூட்டும் மாதமாக இருக்கக்கூடாது, இருப்பதைக் காக்கும் மாதம்.

சீனி வருத்தத்தைப் பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும். மெட்போமின் மட்டும் குடிப்பவருக்குப் பயிற்சியின்போது சீனி ஆபத்தாக இறங்குவது அரிது. கிளிக்லசைட் போன்ற குளிசையோ இன்சுலினோ சேர்ந்தால் கதை வேறு: வகுப்புக்கு முன் அளந்து, டெசிலீற்றருக்கு 90 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டே தொடங்க வேண்டும். வெறுங்காலில் பழகுவதால் உள்ளங்காலை ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் கண்ணால் பாருங்கள், உணர்ச்சி குறைந்த பாதத்தில் சிறு கீறல் கூடத் தெரியாமல் புண்ணாகும். விழித்திரைப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள், சீனியால் விழித்திரையில் புது நாளங்கள் வளர்ந்திருப்பவருக்கு மூச்சை அடக்கி முக்குவதும் தலையில் அடி வாங்குவதும் கூடாது. கோஜுரியூ என்ற கராத்தேப் பிரிவில் சஞ்சின் எனும் மூச்சுக் காட்டா பழகுபவர்கள் இரத்த அழுத்தம் கட்டுப்படும்வரை மூச்சைப் பிடித்து உடம்பை இறுக்குவதைத் தளர்த்திச் செய்ய வேண்டும். இதயம் பற்றி: படி ஏறும்போது நெஞ்சு இறுக்கம், வழமைக்கு மாறான மூச்சுத்திணறல், மயக்கம் வருபவர்கள், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்புக் கண்டவர்கள், முதலில் வைத்தியரிடம். அரச வைத்தியசாலைகளில் 35ஐத் தாண்டியவர்களுக்கு ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் அழுத்தம், சீனி முதலியவற்றை இலவசமாகவே பார்க்கிறார்கள். வகுப்பில் யாருக்காவது நெஞ்சு நோ வந்து வியர்த்தால், முச்சக்கர வண்டி தேடாமல் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

குமித்தேயை, அதாவது எதிராளியோடு மோதிப் பழகுவதை, விடச் சொல்லமாட்டேன், குறைக்கச் சொல்வேன். கிழமைக்கு ஒரு முறை, உங்கள் வயதையும் நிறையையும் மதிக்கிற ஒருவரோடு, தலைக்கு அடி இல்லாமல். பதினெட்டு வயதுப் பிள்ளையின் வேகத்துக்குக் கண் எட்டினாலும் கால் எட்டாது, எட்ட முயலும் அந்தத் திடீர் உந்தலில்தான் குதிநாண் அறுகிறது. முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட ஆண்களில் அது அதிகம். பின்னால் யாரோ உதைத்ததுபோல ஒரு சத்தம், திரும்பிப் பார்த்தால் ஆளில்லை, அதன் பிறகு முன்பாதத்தில் எழும்ப முடியாது. குப்புறப் படுக்கவைத்துக் கெண்டையைப் பிசைந்தால் பாதம் அசையவேண்டும், அசையாவிட்டால் அன்றே வைத்தியசாலை. நாள் போகப் போகச் சிகிச்சை சிரமமாகும். சிப்ரோஃப்ளொக்சசின் வகை நுண்ணுயிர்க்கொல்லி குடிக்கும் நாட்களிலும் அதன்பின் சில மாதங்கள் வரையும் குதிநாண் பலவீனமாகலாம், அந்தக் காலத்தில் குதிப்பையும் குமித்தேயையும் தவிருங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து குடிப்பவர்கள் தலையில் அடி படக்கூடிய எதிலும் இறங்கக்கூடாது.

எண்ணெய், மாத்திரை, கட்டு பற்றிப் பலரும் பலதும் சொல்வார்கள். சித்தாலேபை மூலிகைத் தைலம் பூசினால் இதமாக இருக்கும், பூசுங்கள், ஆனால் நாண் அதனால் தடிக்காது. புதிதாக வீங்கிய மூட்டை உடனே உருவிவிடக் கொடுக்காதீர்கள். முறிவு நெரிவு வைத்தியரிடம் போவதென்றாலும் எக்ஸ்ரே எடுத்துவிட்டுப் போங்கள். ஐஸ் நோவைக் குறைக்கும், கெதியாக ஆற்றுமா என்பது ஐயம். குளுக்கோசமைன் பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண், அந்தக் காசுக்கு மீனும் முட்டையும் வாங்கலாம். உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு ஒரு கிராமிலிருந்து 1.2 கிராம் வரை புரதம் என்பது உங்கள் வயதுக்கு நியாயமான இலக்கு. எழுபது கிலோ ஆளுக்கு எழுபது, எண்பது கிராம். நூறு கிராம் மீனில் சுமார் 20, ஒரு முட்டையில் 6. சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. டைக்லோபெனாக் எனும் நோக்குறைப்புக் குளிசையை வகுப்புக்கு முன் போட்டுக்கொண்டு போவது எல்லாவற்றிலும் மோசம்: எச்சரிக்கும் நோவை அமத்திவிடும், உடம்பில் நீர் வற்றிய நிலையில், அதுவும் சீனி வருத்தக்காரருக்கு, சிறுநீரகத்தைத் தாக்கும். காய்ச்சல் காலத்தில் டெங்கு இல்லையென்று தெரியும்வரை அதைத் தொடவே கூடாது. எம்.ஆர்.ஐ. எடுத்து “மெனிஸ்கஸ் கிழிந்திருக்கிறது” என்று வந்தால் கலங்க வேண்டாம், நோவே இல்லாத நடுவயதினர் பலரின் முழங்காலிலும் அப்படி வரும். நிறை கூடியிருந்தால் அதைக் குறைப்பது எந்தக் கட்டையும் விடப் பெரிய உதவி. மூட்டுத் தேய்வுள்ள, நிறை கூடியவர்களில் பார்த்தபோது, ஒரு கிலோ குறைய, நடக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு நாலு கிலோ அளவு சுமை குறைந்தது.

சிலம்பத்துக்கு மாறலாமா? முழங்காலுக்கு நல்லது, தோளுக்கு வேறு கணக்கு. அடிவைப்பு உயரமானது, குதிப்புக் குறைவு, இரண்டு கையும் வேலை செய்யும். நம் பகுதியில் சீனடி, சிலம்படி சொல்லித்தரும் அண்ணாவிமார் இன்னமும் இருக்கிறார்கள். ஆனால் நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் தோள் உறைந்துபோவது சீனி வருத்தக்காரருக்கு மற்றவர்களைவிட அதிகம், தலைக்கு மேலே கம்பைச் சுழற்றுவது அதை முதல் கிழமையிலேயே காட்டிக்கொடுக்கும். கையைப் பக்கவாட்டில் காதுவரை தூக்கவும், முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகவும் முடிகிறதா என்று பாருங்கள். முடியுமென்றால் நெற்றி உயரத்துக்கு மேற்படாத பாரம் குறைந்த பிரம்புக் கம்போடு, முதல் ஒரு மாதம் நெஞ்சு மட்டத்துக்குக் கீழேயே சுழற்றி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற்றிப் பழகுங்கள். கம்பை இறுக்கிப் பிடிப்பவருக்கு முழங்கையின் வெளிப்பக்கம் நோகும். கராத்தேயை விட்டுவிட்டு இதற்குப் போவதைவிட, கிழமைக்கு ஒரு கராத்தே வகுப்பை இதற்கு மாற்றிக்கொள்வது உங்களுக்குப் பொருந்தும் என்பது என் கணிப்பு.

மாஸ்டரிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பலர் இங்கேதான் தடுக்குப்படுகிறார்கள். வகுப்பு நடுவில், பிள்ளைகளுக்கு முன்னால் மறுப்பது அவருக்கும் சங்கடம். வகுப்பு தொடங்குமுன் தனியாக, “மாஸ்டர், ஆறு கிழமைக்குக் குதிக்கிறதும் ஆழமா இறங்கிறதும் இல்லாமச் செய்யட்டா? அந்த நேரத்துக்குப் பின்வரிசையில காட்டா செய்றன்” என்று காலக்கெடுவோடு கேளுங்கள். “முடியாது” என்று மட்டும் சொன்னால் சோம்பலாகத் தெரியும், மாற்றாக என்ன செய்வேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பொறுப்பாகத் தெரியும்.

டிசம்பர் பரீட்சைக்கு வேண்டாம். காலத்தைப் பாருங்கள்: மாரி மழை கொட்டும் மாதம், மண்டபங்கள் வெள்ளத்துக்கு இடைத்தங்கல் முகாமாகிவிடும், இரண்டு மூன்று கிழமை வகுப்பு நின்று, திறந்த உடனே பரீட்சைக்காக இரட்டிப்பு வேகம். பின்தொடை கிழிவது அப்படியான கிழமையில்தான். மழையில் வகுப்பு நிற்கும் நாட்களில் படிப் பயிற்சியை வீட்டில் விடாமல் செய்து, திறந்த முதல் கிழமை பாதி அளவோடு தொடங்குங்கள். அடுத்த ஆண்டு நடுப்பகுதியை இலக்காக வைத்து, இவை கைவந்த பிறகு பெயர் கொடுக்கலாம்: ஒரு காலில் நின்று 20 முறை குதி உயர்த்தல், இரண்டு பக்கமும் வித்தியாசமில்லாமல், பத்துக் கிலோ முதுகில் வைத்துக் காலுக்கு எட்டு முறை இறங்கி ஏறல், ஒரு முழுப் பரீட்சை அளவு வகுப்பை முடித்து அடுத்த நாள் காலை படியில் நோவில்லாமல் இறங்கல், அப்படி எட்டுக் கிழமை தொடர்ந்து. அதற்குள் மகன் முந்திக்கொண்டு கறுப்புப் பட்டி கட்டிவிடலாம், கட்டட்டும்.